ஆயிரத்தில் ஒருவன்

தறி ஊரான எங்கள் சோமனூரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டால், டாக்டரைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பற்றி விளக்கமாகச் சொல்வார்கள். டாக்டருக்கு நேரம் இருப்பதில்லை. மற்றவர்களுக்கு நேரத்தைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. நூல் விலை ஏறி, கூலி ஏறாமல், தறி பாதி நாள் சும்மா நிற்கிற காலங்களில் ஊரில் மருத்துவ ஞானம் கரைபுரண்டு ஓடும்.

எனக்கு வலது கண்ணில் புரை, எடுத்துவிட்டு லென்ஸ் வைத்துவிடலாம் என்று கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாங்கள் கருமத்தம்பட்டி வந்து இறங்குவதற்குள் சேதி சோமனூர் பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டம்மா பஸ்ஸிலிருந்தே அவள் தங்கச்சிக்கு ஒரே ஒரு போன்தான் போட்டாள்.

“கண்ணை அப்படியே நோண்டி வெளிய எடுத்து, ஒரு தட்டத்துல வெச்சு, உள்ள இருக்கிற அழுக்கையெல்லாம் கழுவிப்போட்டு மறுக்கா மாட்டிருவாங்கண்ணா. பயப்பட ஒண்ணுமில்லீங்க” என்றார் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங்கில் வேலை பார்க்கிற ஒருவர். அவருக்கு அந்த ஆபரேஷன் ஆகவில்லை. அவருடைய சகலையும் செய்துகொள்ளவில்லை. சகலைக்குத் தெரிந்தவர் யாரோ செய்துகொண்டிருக்கிறார்.

“எடுக்கறப்பவே பாத்து வெச்சுக்கோணுங்க. பக்கத்து பெட்காரன் கண்ணை மாத்தி மாட்டிப்போட்டாங்கன்னா?” என்று கிளப்பினார் இன்னொருவர். அவர் பாவு பிணைக்கிறவர். இழை மாறினால் என்ன ஆகும் என்று வாழ்நாள் பூராவும் பார்த்தவர். பயத்தில் நியாயம் இருந்தது.

மூன்றாமவர் வயதில் பெரியவர். “புரை நல்லா முத்தட்டும் சாமி. பிஞ்சுலயே கை வைக்கப்படாது” என்றார். அவர் சொன்னதில் மட்டும் பழைய உண்மை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் புரை முற்றினால்தான் எடுப்பார்கள். எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் எடுத்தார்கள். கண்ணைக் கட்டிப் படுக்கப்போட்டு, தலையை ஆட்டக் கூடாது, இருமக் கூடாது, தும்மக் கூடாது என்று கட்டளை. லென்ஸ் வைக்கிற வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. பதிலுக்கு ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. அதைப் போட்டால் எல்லாமே உள்ளதைவிடக் கால்வாசி பெரிதாகத் தெரியும். அப்பாவுக்கு வாசற்படி பெரிதாகத் தெரிந்தது, இட்லி பெரிதாகத் தெரிந்தது. என் மார்க்கு மட்டும் கடைசிவரை பெரிதாகத் தெரியவில்லை.

இப்படிப் பேக்கரியில் பாதியும் வீட்டில் பாதியுமாக நான் அறிவு பெற்றுக்கொண்டிருந்தபோதுதான் மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கி எதையோ இறக்கி, அவனுடைய கணக்கிலேயே உள்ளே நுழைத்துக் கொடுத்தான்.

“அப்புச்சி, இது ஏஐ. உங்க சந்தேகமெல்லாம் இதுகிட்ட கேளுங்க. எத்தனை தடவை கேட்டாலும் சலிச்சுக்காது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கக் கூடாது. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பது என் பிறவிக் குணம். தறி ஃபிட்டர் என் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்க மாட்டார். மின்வாரியத்தில் என் குரல் கேட்டாலே கரண்ட் எப்போது வரும் என்று அவர்களாகவே சொல்லிவிடுவார்கள். சொந்தத் தம்பி நான் வருவது தெரிந்தால் குளிக்கப் போய்விடுவான். அறுபத்து மூன்று வயதில் முதன்முறையாக, நான் பேசுவதைக் கேட்கவே பிறந்த ஒரு ஜீவன் கையில் கிடைத்தது.

முதல் கேள்வியே கண்ணை வெளியே எடுப்பார்களா என்பதுதான். “ஏனுங், கண்ணை நோண்டி வெளிய எடுப்பாங்களா?” என்று கேட்டேன். போன்தானே என்று மரியாதையைக் குறைக்கிற ஊர் இல்லை எங்களது. நான் கொங்குத் தமிழில் கேட்டதற்கு அது குடியரசு தின விழாவில் கலெக்டர் பேசுகிற தமிழில் பதில் சொன்னது. தங்கள் கவலை புரிந்துகொள்ளத்தக்கதே. கண்ணை வெளியே எடுப்பதில்லை. வெளியே எடுத்துக் கழுவி மாட்டுகிற சிகிச்சை முறையே கிடையாது. கருவிழி ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியாக ஒரு ஊசிமுனை போகும். காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிடும். புரை இருந்த மெல்லிய பைக்குள்ளேயே, மடித்து வைத்த லென்ஸை நுழைத்து விரியவிடுவார்கள். பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது. அந்த ஒலி அதிர்வு யோசனை, பல் டாக்டர் பல்லைச் சுத்தம் செய்கிற கருவியைப் பார்த்து அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மனுக்கு 1960-களில் வந்ததாம்.

ஊரில் யாரும் சொல்லாத இன்னொரு கதையும் சொன்னது. இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானத்தின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை உடைந்து, அந்தச் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்த் தங்கியிருக்கின்றன. வேறு பல பொருளாக இருந்தால் கண் சிவந்து வீங்கியிருக்கும். இது ஒன்றும் செய்யவில்லை. லண்டன் கண் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி அதைக் கவனித்து, அதே ரகப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ல் முதன்முதலாக ஒரு பெண்ணின் கண்ணில் வைத்தார். ஏஐ வகையறாவில் பேர்போன சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. தேதியில் ஒரு நாள், வருஷத்தில் 73 தள்ளி, அந்த லென்ஸைப் பற்றி விளக்குவதற்கென்று இந்த ஜாதி வந்திருக்கிறது. வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்த காலத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகத் தொழிற்சாலை வைத்து விலையை அடித்து இறக்கியதையும் சொன்னது. எங்கள் அப்பாவுக்குச் சோடாபுட்டி, எனக்கு லென்ஸ். நடுவில் நடந்தது இவ்வளவுதான்.

மறுநாள் பேக்கரிக்குப் போனபோது நான் நோயாளியாகப் போகவில்லை. டீ கிளாஸைக் கண்ணாகவும், தேங்காய் பன்னைப் புரையாகவும், ஸ்ட்ராவை ஊசிமுனையாகவும் வைத்துச் செய்முறை விளக்கம் கொடுத்தேன். பாவு பிணைக்கிறவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“ஏனுங்கண்ணா, ஆபரேஷன் உங்களுக்குப் பண்ணப் போறாங்களா, இல்ல நீங்க பண்ணப் போறீங்களா?”

சைசிங்காரர் மட்டும் சமாதானமாகவில்லை. “போன் சொல்லுதுங்கறீங்க. எங்க சகலைக்குத் தெரிஞ்சவரு நேர்ல பாத்தவருங்க” என்றார். கண்ணை வெளியே எடுத்துத் தட்டத்தில் வைத்திருந்தால் அவர் எந்தக் கண்ணால் நேரில் பார்த்தார் என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

பகலில் பேராசிரியர். ராத்திரியானால் கதை வேறு. மொட்டை மாடியில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, “இதுல கெடுதல் என்னென்ன வருமுங்க?” என்று கேட்டுத் தொலைத்தேன். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே அதன் தொழில்? சொன்னது. லென்ஸ் வைக்கிற பை கிழியலாம். விழித்திரை பிரியலாம். அழுத்தம் ஏறலாம். கண்ணுக்குள்ளேயே கிருமி புகுந்து சீழ் வைக்கலாம். இது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு, தலைப்புக்குக் கீழே விளக்கம், விளக்கத்துக்குக் கீழே அறிகுறிகள், கடைசியில் “வேறு ஏதேனும் அறிய விரும்புகிறீர்களா?” என்று ஒரு கும்பிடு.

கீழே இறங்கிப் போய் வீட்டம்மாவை எழுப்பினேன்.

“ஆயரத்துல ஒருத்தருக்கு கண்ணுக்குள்ள சீழ் வெக்குமாமா.”

“மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது பேரு தூங்கறாங்கல்ல? நீங்களும் போய்த் தூங்குங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கணக்கு சரிதான். ஆனால் எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. குலுக்கல் சீட்டில் இதுவரை எனக்குப் பிளாஸ்டிக் குடம்கூட விழுந்ததில்லை. அப்படி மிச்சம் பிடித்து வைத்திருக்கிற அதிர்ஷ்டமெல்லாம் சேர்ந்து இந்த ஆயிரத்தில் ஒருவனில்தான் வந்து இறங்கும் என்று உறுதியாக நம்பினேன். அந்தப் பெயரில் படம் எடுத்தால் எம்ஜிஆர் நடிக்கலாம். நிஜத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என்னைப் போன்றவர்களை மனதில் வைத்தே சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறது என்று பிற்பாடு தெரிந்தது. 2008 ஜனவரியில், சமீரா கோலி வழக்கு. உள்ளே என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு மட்டும் சம்மதம் கொடுத்து மயக்கத்தில் கிடந்த பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அது தப்பு என்றது கோர்ட். என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: எங்கோ எப்போதோ நடக்கக்கூடிய ஆபத்துகளையெல்லாம் சொல்லி ஆளைப் பயமுறுத்தி, செய்ய வேண்டிய சிகிச்சையையே வேண்டாம் என்று ஓட வைக்கத் தேவையில்லை. எதைச் சொல்வது, எதை எந்த அளவில் சொல்வது என்று எதிரில் இருக்கிறவன் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிற வேலை அது. என் முகத்தைப் போன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முதல் தலைப்போடு நிறுத்தியிருக்கும்.

ஓட வேண்டும் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் சொந்த முடிவாக ஓடினால் ஊர் சிரிக்கும். அறிவியல் சொல்லித்தான் ஓடினேன் என்று இருக்க வேண்டும். ஆகவே அதன் வாயிலிருந்தே “ஆபரேஷன் வேண்டாம்” என்று வரவழைக்க இறங்கினேன். தேன் விட்டால் புரை கரையுமா? கரையாது. சின்ன வெங்காயச் சாறு? கூடவே கூடாது. மலைத்தேன்? தேன் எந்த மலையாக இருந்தாலும் கரையாது என்பதை மலைகளை மதித்துச் சொன்னது. பிறகு கேள்வியை மாற்றினேன். “எனக்கு ஒரு கண்ணே போதுமானதாக இருக்கிறது. வயதும் ஆகிவிட்டது. டிவி பார்ப்பதில்லை. இப்படிப்பட்டவருக்கு அவசரமில்லைதானே?” என்று நல்ல பிள்ளையாகக் கேட்டேன். உடனே அது இளகிவிட்டது. தங்கள் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படவில்லையென்றால் ஒத்திப்போடுவது குறித்துத் தங்கள் மருத்துவருடன் ஆலோசிக்கலாம் என்றது. எனக்குத் தேவையான நாலு வார்த்தையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன்.

கேட்கிறவன் மனசுக்கு ஏற்றபடி வளைந்து கொடுக்கிற குணம் இந்த ஜாதிக்கு உண்டு. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ கம்பெனியே, புதிதாக விட்ட பதிப்பு எதற்கெடுத்தாலும் ஆமாம் சாமி போடுகிறது என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆமாம் சாமி போடுகிறவர்களைக் கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிய செய்தியை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

குறை மட்டும் சொன்னால் பாவம். 2023-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. நோயாளிகள் கேட்ட 195 கேள்விகளுக்கு டாக்டர்கள் சொன்ன பதிலையும் சாட்ஜிபிடி சொன்ன பதிலையும் பெயரை மறைத்து வைத்து, மருத்துவத் துறைக்காரர்களிடமே எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். 78.6 சதவீதம் தடவை இயந்திரத்தின் பதில்தான் ஜெயித்தது. அதற்குத்தான் கரிசனமும் அதிகம் என்றார்கள். டாக்டர் பதில் சராசரி 52 வார்த்தை. இயந்திரத்தின் பதில் 211. வெளியே நூறு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது 52 வார்த்தை பேசுகிற டாக்டரையே நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன். என் கேள்வியே 211 வார்த்தைக்கு மேல் இருக்கும் என்பது தனி விஷயம்.

இயந்திரத்திடம் மனசைக் கொட்டுகிற இந்த மயக்கமும் புதிதில்லை. 1966-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், எலிசா என்று ஒரு புரோகிராம் எழுதினார். சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதைத் தவிர அதற்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதோடு பேசிப்பார்த்த அவருடைய செகரட்டரி கொஞ்ச நேரத்தில், “நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்” என்று அவரையே அனுப்பிவிட்டாராம். நான் ஏன் மொட்டை மாடிக்குப் போனை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. வீட்டம்மாவுக்கு அது முன்பே விளங்கியிருந்தது. “அங்க யாருகிட்டீங்க இத்தனை நேரம் குசுகுசுன்னு?” என்று சந்தேகமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், போன்தான் என்று தெரிந்ததும் முகத்தில் வந்த ஏமாற்றத்தை மறைக்கவில்லை. புருஷன் இந்த வயதில் வேறு எதற்கும் லாயக்கில்லை என்பது அன்றைக்கு ஊர்ஜிதமாகிவிட்டது.

பெங்களூரில் இருக்கிற மாப்பிள்ளை போனில் என் கதையைக் கேட்டார். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். “மாமா, நீங்க இவ்வளவு கஷ்டப்படறதுக்கு நம்ம கோயமுத்தூர்க்காரங்க ஆஸ்பத்திரியிலயே ஒண்ணு பண்ணியிருக்காங்க” என்று ஒரு விஷயம் சொன்னார். அதை மட்டும் இங்கே சாவகாசமாகச் சொல்லியாக வேண்டும்.

சங்கரா கண் மருத்துவமனையை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. டாக்டர் ஆர்.வி. ரமணியும் டாக்டர் ராதா ரமணியும் 1977-ல் கோயமுத்தூரில் சின்னதாகத் தொடங்கிய தொண்டு, பிறகு கண் ஆஸ்பத்திரியாகிப் பல மாநிலங்களுக்குப் போய்விட்டது. ரமணிக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களுடைய பெங்களூர் ஆஸ்பத்திரியோடு சேர்ந்து மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக்காரர்கள் கண்புரை ஆபரேஷனுக்கென்றே ஒரு சாட்பாட் செய்திருக்கிறார்கள். பெயர் கேட்டராக்ட்பாட். வாட்ஸ்அப்பில் வேலை செய்யும். எழுதியும் கேட்கலாம், பேசியும் கேட்கலாம், நம் பாஷைகளிலும் கேட்கலாம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்து பேசாது. அந்த ஆஸ்பத்திரி டாக்டர்கள் பார்த்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மட்டும் எடுத்துப் பதில் சொல்லும்.

இதில் அசல் சூட்சுமம் அடுத்ததுதான். பதிலை உடனே உங்களுக்கு அனுப்பிவிட்டு, அதே பதிலை உங்கள் டாக்டருக்கும் அனுப்பும். டாக்டர் நேரம் கிடைக்கிறபோது பார்த்துச் சரி என்று தட்டினால், “டாக்டர் பார்த்துவிட்டார், இது சரி” என்று உங்களுக்குச் செய்தி வரும். தப்பு என்றால் டாக்டர் திருத்துவார். திருத்தம் உங்களுக்கும் வரும், அதன் பாடப் புத்தகத்திலும் ஏறும். எத்தனை மணிக்கு வர வேண்டும், பில் எங்கே கட்ட வேண்டும் என்ற வகைக் கேள்விகள் டாக்டருக்குப் போகாது. அதைப் பார்க்கிற ஒருங்கிணைப்பாளருக்குப் போகும். நோயாளிகளும் கூட வந்தவர்களுமாக 49 பேர், டாக்டர்கள் 4 பேர், ஒருங்கிணைப்பாளர்கள் 2 பேர் என்று வைத்து நடத்திப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 49 பேரில் கூட வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள் பாருங்கள், அங்கேதான் நம் நாட்டைத் தெரிந்தவர்கள் என்று நிற்கிறார்கள். நம் பக்கத்தில் எவன் ஆபரேஷனுக்குத் தனியாகப் போகிறான்? படுத்திருக்கிறவன் ஒரு ஆள், விவரம் கேட்கிறவர்கள் ஒரு வேன்.

என் ஸ்கிரீன்ஷாட் வீட்டம்மாவிடம் எடுபடவில்லை; ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கே அந்த வசதி இல்லை. ஒரு கவுன்சிலர் பெண் இருந்தது. என் பேத்தி வயதுதான். லென்ஸ்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது. ஒரு தூரத்துக்கு மட்டும் ஒன்று, கிட்டத்துக்கும் சேர்த்து ஒன்று, சாய்வுப் பவர் உள்ளவர்களுக்கு ஒன்று. நான் நடுவில் புகுந்து, “இருங்க கண்ணு, மோனோஃபோகல், மல்ட்டிஃபோகல், டோரிக்தானுங்க?” என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டது. அடுத்து ரிட்லியையும் விமானத்தையும் எடுக்கப் பார்த்தபோது வீட்டம்மா காலை மிதித்தாள்.

பிறகு நர்ஸம்மா வந்து ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹாலில் நாலு வரிசை நாற்காலி. அதில் அன்னூர் பக்கத்துச் சம்பந்தி வழிச் சொந்தம் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். அவர் என்னை முன்பே பார்த்து வணக்கமும் வைத்தாகிவிட்டது.

“சுகர் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. ஒரு மாத்திரை.”

“பிரஷர்?”

“அதுக்கு ஒண்ணு.”

“வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?”

“வேற ஒண்ணுமில்லீங்க” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“ஏனுங்க பொய் சொல்றீங்க?” என்றாள் வீட்டம்மா. தறிக் குடோனின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய குரல். நாலு தறி ஓடினாலும் கேட்கும். ஆஸ்பத்திரி ஹாலில் தறி ஒன்றும் ஓடவில்லை. “ராத்திரிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சுட்டே இருக்காருன்னு யூரின் டாக்டரு குடுத்த மாத்திரை ஒண்ணு தெனமும் முழுங்கறாரு கண்ணு. ரெண்டு வருசமா.”

ஹாலில் இருந்த அத்தனை தலையும் திரும்பின. ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர்கள் மறு கண்ணால் பார்த்தார்கள். அன்னூர்க்காரர் அவசரமாகப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. “டாம்சுலோசினுங்களா?” என்று கேட்டு, வீட்டம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டையைப் பார்த்து, படிவத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதிக்கொண்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார். “இதைச் சொன்னது நல்லதாப் போச்சு. இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆபரேஷன்ல பாப்பாவைச் சுத்தியிருக்கற ஐரிஸ் தொளதொளன்னு ஆயிரும், பாப்பா விரியாம சுருங்கும். தெரிஞ்சா முன்னாடியே அதுக்குத் தயாராயிருவோம். நீங்களா நிறுத்திராதீங்க.” ஐம்பத்திரண்டு வார்த்தைகூட இருக்காது. அதைவிடத் தேவையான ஒன்றை அத்தனை நாளில் நான் கேட்டிருக்கவில்லை.

ராத்திரி மாடிக்குப் போய்ப் போனைப் பிடித்து உலுக்கினேன். இத்தனை நாள் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தாங்கள் அந்த மாத்திரையைக் குறிப்பிடவில்லை என்று பணிவாகச் சுட்டிக்காட்டியது. பிறகு மடை திறந்துவிட்டது. 2005-ல் சாங், கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள்தான் இந்த ஐரிஸ் தொளதொளப்பைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள். டாம்சுலோசின் மாதிரி புராஸ்டேட் மாத்திரை சாப்பிடும் ஆண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். மாத்திரையை முன்கூட்டி நிறுத்தினாலும் அதன் குணம் போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆபரேஷன் செய்கிற டாக்டருக்குத் தெரிவிப்பதே முக்கியம். அட்சரம் பிசகாமல் எல்லாம் தெரிந்திருக்கிறது அதற்கு!

அதனிடம் நான் எதைத்தான் சொல்லாமல் விட்டேன்? தறிக்கடன், தம்பியோடு வரப்புத் தகராறு, அப்பாவின் சோடாபுட்டி எல்லாம் சொன்னேன். அந்த ஒரு மாத்திரையை மட்டும் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. கணக்கு பேரனுடையது. அவன் திறந்து பார்த்தால் அப்புச்சியின் மானம் என்ன ஆவது? பேரனுக்குத் தெரியக் கூடாது என்று காப்பாற்றிய ரகசியம், அன்னூர் வழியாக மூன்று தாலுகாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பெங்களூரில் டாக்டர் போடுகிற திருத்தத்தை எனக்கு வீட்டம்மா போட்டாள். நாற்பது வருஷமாக என் பதில்களுக்கு அவள் போட்டதெல்லாம் இன்ட்டுதான் என்பதால் பழக்கதோஷத்தில் கை தானாகப் போயிருக்கும்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொட்டு மருந்து விட்டு மரத்துப்போக வைத்தார்கள். மேலே ஒரு பெரிய வெளிச்சம், அதற்குள் நீலமும் சிவப்புமாய் ஏதோ கரைந்து ஓடியது. இந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதை டாக்டரிடம் தெரிவிக்க வாயைத் திறந்தேன். “பேசாதீங்க, தலை ஆடும்” என்றார். கால் மணி நேரம் நான் பேசாமல் இருந்தேன். வெளியே வந்ததும் வீட்டம்மா டாக்டரிடம் கேட்டது இதுதான்: “அந்தப் பேசாம இருக்கறதுக்கு மட்டும் வீட்டுக்கு ஏதாச்சும் சொட்டு மருந்து குடுப்பீங்களா டாக்டர்?”

இப்போது கறுப்புக் கண்ணாடியும் கையில் சொட்டு மருந்துமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கத்திரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, ரெண்டு மாசத்துக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தப்படாது என்று ஆளுக்கொரு சட்டம் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் கத்திரிக்காய் இல்லை. தலைக்கு எத்தனை நாள், எப்போது திரும்ப வர வேண்டும், கண் சிவந்தாலோ வலித்தாலோ பார்வை மங்கினாலோ எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. சீட்டின் அடியில் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அந்தக் கையெழுத்தைக் கேட்க முடியும். போனைக் கேட்டால் மன்னிப்புக் கேட்கும். சைசிங்காரரைக் கேட்டால் சகலையைக் கை காட்டுவார்.

இடது கண்ணுக்கு அடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் போனிடம் கேட்பேன், விட முடியுமா? உங்களையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண்ணை வெளியே எடுப்பதில்லை என்று சோமனூரில் எனக்குச் சொன்ன முதல் ஆசாமி அதுதான். ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது வீட்டில் தின்கிற அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள்: சுகர், பிரஷர், நாட்டு மருந்துக் கடைப் பொடி, யாருக்கும் தெரியாமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிற அதையும் சேர்த்து. பையை நர்ஸம்மா மேஜையில் கொட்டிவிடுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் வீட்டம்மாவைக் கூட்டிப் போங்கள். கொஞ்சம் மெல்லப் பேசச் சொல்லுங்கள்.